மூணே முக்கால் வட்டிக்கு மூன்று கார்டு

ஸ்டேட் வங்கி 2020இல் வட்டார அதிகாரிப் பணிக்கு ஆள் எடுத்தது. விண்ணப்பித்தவர்களில் ஒருவர் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டி நியமன உத்தரவையும் கையில் வாங்கிவிட்டார். 2021 ஏப்ரலில் வங்கி அதை ரத்து செய்தது. காரணம் அவருடைய கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கை. கடனையோ கிரெடிட் கார்டு பாக்கியையோ கட்டத் தவறியவர்களும், சிபிலில் பாதகமான பதிவு உள்ளவர்களும் இந்த வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அறிவிப்பு வந்த நாளில் எனக்கு எந்தக் கடனும் பாக்கி இல்லை, எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன் என்பது அவர் வாதம். 2025 ஜூனில் நீதிபதி என்.மாலா மனுவைத் தள்ளுபடி செய்தார். பொதுமக்களின் பணத்தைக் கையாளும் வேலைக்குப் பண ஒழுங்கு உள்ளவரைத்தான் எடுப்போம் என்று வங்கி சொல்வதில் தவறில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

கடனை அடைத்து முடித்தவனுக்கு வேலையை மறுப்பது எந்த நியாயம் என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியது தீர்ப்பின் நியாயத்தை அல்ல, அதற்கு அடியில் இருக்கும் நடைமுறையை. கடன் அடைந்தால் தீர்ந்துவிடும். எப்படிக் கட்டினோம் என்ற பதிவு தீராது.

மணிமங்கலத்தில் இதைச் சொல்ல வேண்டிய காரணம் இருக்கிறது. முடிச்சூர் வழியாக ஒரு பக்கம் தாம்பரம், இன்னொரு பக்கம் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும். கார், லாரி, டயர், புல்லட், டிவி, செல்போன் என்று இந்தத் தடத்தில் தயாராகாத பொருள் குறைவு. மூன்று ஷிப்டுக்கும் கம்பெனி பஸ் ஓடுகிற ஊரில் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. சம்பளக் கணக்கு திறந்த சில மாதங்களிலேயே கார்டு விற்பவர் தேடி வந்துவிடுவார். கேட்டுக்கு வெளியே குடை போட்டு உட்கார்ந்திருக்கும் பையனுடன் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணா, ஆதார், பான் இருந்தா போதும். லைஃப்டைம் ஃப்ரீ.”

“ஏற்கெனவே ரெண்டு இருக்கேப்பா.”

“ரெண்டு இருக்கறதாலதாண்ணா இது உடனே கிடைக்குது. வேணாம்னா யூஸ் பண்ணாம வெச்சிருங்க. எனக்கு ஒரு டார்கெட் முடியும்.”

பையன் பொய் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் கார்டுகளை ஒழுங்காகக் கட்டி வருபவருக்கு அடுத்த கார்டு சுலபமாகக் கிடைக்கும். இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகள் 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டின. அந்தப் பத்துக் கோடியும் பத்துக் கோடி பேரிடம் இல்லை. ஒரே ஆளிடம் மூன்று, நான்கு இருக்கின்றன.

இரண்டு மூன்று கார்டு வைத்திருப்பதே ஸ்கோரைக் கெடுத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. 45,000 ரூபாய் செலவு செய்கிறவரிடம் 60,000 லிமிட் உள்ள ஒரே கார்டுதான் இருக்கிறது என்றால் அவர் லிமிட்டில் 75 சதவீதத்தைத் தின்றுவிட்டார். 90,000 லிமிட்டில் இன்னொரு கார்டு வந்து, செலவு அதே 45,000ஆக இருந்தால், மொத்த லிமிட் ஒன்றரை லட்சத்தில் பயன்பாடு 30 சதவீதம்தான். கொடுத்ததில் எவ்வளவு எடுத்தாய் என்பதை ஸ்கோர் கணக்குகள் கவனிக்கும். 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற பேச்சு. அது சட்டம் அல்ல, 31இல் பாதாளம் திறந்துவிடாது. ஆனாலும் திசை சரி. அந்த வகையில் இரண்டாவது கார்டு ஸ்கோருக்கு நல்லதே செய்யலாம், செலவு கூடாமல் இருந்தால். அந்த ‘இருந்தால்’தான் பெரும்பாலும் நடப்பதில்லை.

ஸ்கோர் என்பது 300லிருந்து 900 வரையிலான ஓர் எண். நாம் பொதுவாகச் சிபில் என்று சொன்னாலும் நாட்டில் நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ ஸ்கோர், எதற்கு எவ்வளவு கனம் என்று வெளியே சொல்லியிருக்கிறது: கட்டிய ஒழுங்குக்கு 35 சதவீதம், பாக்கியின் அளவுக்கு 30, கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15, புதிய கடனுக்கும் கடன் வகைக்கும் தலா 10. இங்குள்ள கணக்கு அச்சாக அதுவே இல்லை. பார்க்கிற விஷயங்கள் ஏறக்குறைய அவையே. நேரத்துக்குக் கட்டியதுதான் எங்கும் முதலில் நிற்கிறது.

அறிக்கையைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. எல்லோரும் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள், அதுவும் ஏதாவது ஆப்பில். முழு அறிக்கையில் ஒவ்வொரு கார்டுக்கும் தனிப் பகுதி இருக்கும். எந்த வங்கி, எப்போது திறந்தது, லிமிட் எவ்வளவு, பாக்கி எவ்வளவு. அதற்குக் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், 36 மாதங்கள் வரை. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்கம். 000 என்றால் அந்த மாதம் சுத்தம். 027 என்றால் கெடு தாண்டி 27 நாள். ஒரு கார்டு உள்ளவருக்கு வருடத்துக்கு 12 கட்டம், நான்கு கார்டு உள்ளவருக்கு 48. நாற்பத்தெட்டில் ஒன்று பிசகினாலும் வீட்டுக் கடன் கொடுக்கும் மேலாளரின் விரல் அங்கேதான் போய் நிற்கும். இந்தத் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

கட்டங்களுக்கு அப்பால், அறிக்கையின் கடைசியில் விசாரணைப் பட்டியல் வரும். கார்டு வேண்டும் என்று எந்தெந்த வங்கியில் கேட்டோமோ, அந்தந்த வங்கி நம் அறிக்கையை எடுத்துப் பார்த்த தேதி. கார்டு கிடைத்ததா இல்லையா என்பது வேறு, கேட்டது பதிவாகிவிடும். ஒரே மாதத்தில் ஐந்து இடத்தில் கேட்டவரைப் பணமுடையில் இருப்பவர் என்றே வங்கி படிக்கும். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கிடமும் வாங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வாங்கினால் வருடம் முழுக்கக் கண்காணிக்கலாம், காசில்லாமல்.

பையன் சொன்ன ‘யூஸ் பண்ணாம வெச்சிருங்க’வுக்கு வருவோம். வாழ்நாள் இலவசம் என்றது உண்மையிலேயே அப்படி இருந்தால் பரவாயில்லை. பல கார்டுகள் முதல் வருடம் மட்டுமே இலவசம். இரண்டாம் வருடம் 500 ரூபாய் கட்டணம், ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய் பில் வரும். அது எங்கே போகும்? கார்டு வாங்கும்போது கொடுத்த மின்னஞ்சலுக்கு. இந்தத் தடத்தில் பலர் கொடுப்பது கம்பெனி மின்னஞ்சலை. கம்பெனி மாறினால் அந்த முகவரி முடங்கிவிடும். போன் நம்பரும் மாறியிருக்கும், ரூமும் மாறியிருக்கும். ஒரு டீகூட வாங்கிக் குடிக்காத கார்டில் 590 ரூபாய் கெடு தாண்டும், அதன் மேல் தாமதக் கட்டணம் ஏறும், வட்டி ஏறும், அறிக்கையில் 030, 060, 090 என்று கட்டங்கள் நிறையும். தொகை சிறியதுதானே என்று அந்தக் கட்டம் பார்ப்பதில்லை. நாளைத்தான் பார்க்கிறது.

இதில் ரிசர்வ் வங்கி கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது. 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கார்டு விதிமுறைகளின்படி கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் பாக்கி என்று அறிக்கைக்கு அனுப்பலாம், அபராதமும் போடலாம். கேட்காத கார்டை அனுப்பக் கூடாது. ஒப்புதல் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, உரியவருக்குத் தெரிவித்து, 30 நாளில் பதில் வராவிட்டால் மூட நடவடிக்கை எடுக்க வேண்டும், பாக்கி இல்லாமல் இருந்தால். 590 ரூபாய் பில் போட்டுவிட்டால் பாக்கி இருக்கிறதே! விதி நம்மைக் காப்பாற்ற வருவதற்குள் கட்டணம் முந்திக்கொள்கிறது.

இன்னொரு குழப்பம் தேதி. மாதா மாதம் முழுத் தொகையையும் கெடுவுக்கு முன்பே கட்டுகிறேன், ஆனாலும் பயன்பாடு 80 சதவீதம் என்று காட்டுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வங்கி தகவல் அனுப்புகிற நாளில் என்ன பாக்கியோ அதுதான் போகும். ஸ்டேட்மென்ட் போட்டு, கெடு வரை காத்திருந்து கட்டினால், இடையில் தகவல் போயிருக்கும். முன்பு மாதம் ஒரு முறை அனுப்பினார்கள். 2025 ஜனவரி 1 அன்று அதை மாதத்தில் இரண்டு முறை என்று மாற்றினார்கள், 15ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்குமான நிலவரம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை. மூன்று கார்டு, மூன்று ஸ்டேட்மென்ட் தேதி, மூன்று கெடு என்றால் தலை சுற்றும். பில் சுழற்சியை மாற்றிக் கேட்கும் உரிமை கார்டுதாரருக்கு உண்டு. எல்லாக் கெடுவையும் சம்பளம் விழுந்த அடுத்த வாரத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை கவனக்குறைவால் வருபவை. வினை வட்டியில் இருக்கிறது.

நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவோம். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். மூன்று வட்டி கேட்பவரை ஊரே கரித்துக்கொட்டும். தின வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் பல வங்கிகள் போடுவது மூன்றரை வட்டி, மூணே முக்கால் வட்டி. வருடத்துக்கு 42 முதல் 45 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் அதிகாரத்தில் வருவது, நுகர்வோர் ஆணையம் அதில் நுழைய முடியாது என்றது. ஆக, வங்கி போடுகிற வட்டிக்கு இன்று அந்த 30 சதவீத உச்சவரம்பும் இல்லை.

ஸ்டேட்மென்ட்டில் இரண்டு தொகை இருக்கும். மொத்தப் பாக்கி ஒன்று, மினிமம் டியூ மற்றது. மினிமம் பெரும்பாலும் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதைக் கட்டிவிட்டால் அறிக்கையில் 000 விழும், ஸ்கோருக்குத் தாமதப் பழி வராது. இங்கேதான் ஏமாறுகிறோம். ஒரு லட்சம் பாக்கி, 3.6 வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3,600. வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 648. சேர்த்தால் 4,248. ஐந்து சதவீத மினிமமாக ஐயாயிரத்துச் சொச்சம் கட்டுகிறோம். அசலில் குறைவது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. புதிதாக ஒரு பைசா செலவு செய்யாமல் ஒரு வருடம் இப்படியே கட்டினால் கைவிட்டுப் போவது ஏறக்குறைய 59,000 ரூபாய். வருடக் கடைசியில் பாக்கி சுமார் 89,000. ஐம்பத்தொன்பதாயிரம் கட்டிப் பதினோராயிரம் குறைத்திருக்கிறோம். இது பாதிக் கதைதான். முழுத் தொகையைக் கட்டாத மாதத்திலிருந்து புதிய செலவுகளுக்கும் வட்டியில்லா நாட்கள் போய்விடும். பாக்கி உள்ள கார்டில் மளிகை வாங்கினால் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் பணம் எடுத்தாலோ, பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்த நாள் முதல் வட்டி, கட்டணம் தனி.

மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்று ஸ்டேட்மென்ட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அச்சிடுகிறார்கள். சிகரெட் பெட்டிமேல் உள்ள படத்தைப் பார்த்து எத்தனை பேர் நிறுத்தினார்கள்?

பாக்கி ஒரு சம்பளத்தைத் தாண்டியதும் ரொட்டேஷன் ஆரம்பிக்கும். ஒரு கார்டின் கெடுவுக்கு இன்னொரு கார்டைத் தேய்ப்பது. கார்டிலிருந்து கார்டுக்குப் பொதுவாக நேராகக் கட்ட முடியாது, இடையில் ரொக்கம் வேண்டும். அதற்குக் கடைகள் இருக்கின்றன. பொருள் வாங்கியதாக ஸ்வைப் செய்து, நூற்றுக்கு இரண்டோ இரண்டரையோ பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுப்பார்கள். இது கார்டு ஒப்பந்தத்தை மீறுவது. வங்கியின் கண்காணிப்பில் பட்டால் கார்டு முடங்கும், முழுப் பாக்கியையும் உடனே கேட்பார்கள். கண்ணில் படாவிட்டாலும், மாதம் இரண்டரை ரூபாய் கமிஷன் என்பது இரண்டரை வட்டிதான், பெயர் மட்டும் வேறு. வீட்டு வாடகை என்ற பெயரில் சொந்தக்காரர் கணக்குக்குக் கார்டிலிருந்து பணம் அனுப்பி எடுக்கும் வழியும் கொஞ்ச காலம் ஓடியது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் வந்தபின் பெரிய ஆப்கள் அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டன. அதை நம்பி ரொட்டேஷன் ஓட்டியவர்களுக்கு ஒரே மாதத்தில் எல்லாக் கார்டும் ஒன்றாகக் கழுத்தைப் பிடித்திருக்கும்.

ரொட்டேஷன் நடக்கும்போது ஸ்கோர் உடனே விழாது. எல்லாக் கட்டத்திலும் 000 இருக்கும். பயன்பாடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் அடுத்த கார்டும் கிடைக்கிறது, சக்கரம் இன்னும் ஒரு சுற்று வருகிறது.

ஒரு நாடே இப்படிச் சுற்றியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங்கும் வந்ததால் நமக்குப் பழக்கமான தென்கொரியாதான் அது. 1997 நெருக்கடிக்குப் பிறகு மக்களைச் செலவு செய்ய வைக்க அரசே கார்டைத் தூக்கிப் பிடித்தது. 1999இல் கார்டில் செலவு செய்தால் வருமான வரிச் சலுகை, 2000இல் கார்டு ரசீதுக்குக் குலுக்கல் பரிசு. தெருவில் மேசை போட்டுக் கார்டு விற்றார்கள். ஐந்து கோடிகூட இல்லாத மக்கள்தொகையில் 2002 முடிவில் பத்துக் கோடிக்கு மேல் கார்டுகள். வேலையிலோ வேலை தேடலிலோ இருந்தவர்களுக்குத் தலைக்கு நான்குக்கு மேல். ஒன்றைக் கொண்டு மற்றதை அடைத்துவந்தவர்கள், கார்டு நிறுவனங்கள் ரொக்க லிமிட்டைக் குறைத்ததும் சிக்கினார்கள். 2003 முடிவில் கடன் தவறியவர்கள் பட்டியலில் சுமார் 37 லட்சம் பேர். அந்த நவம்பரில் நாட்டின் மிகப் பெரிய கார்டு நிறுவனமான எல்ஜி கார்டிடமே பணம் தீர்ந்து, கடன் கொடுத்த வங்கிகள் கூடிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளர் ஒழுங்காகக் கட்டுகிறார் என்றே நினைத்திருந்தது. அவர் கட்டிய பணம் பக்கத்து நிறுவனத்தின் பணம்.

இந்தத் தடத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இங்கே லிமிட்டைத் தீர்மானிப்பது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. அதில் ஓ.டி. இருக்கும், ஷிப்ட் அலவன்ஸ் இருக்கும், சில மாதம் இன்சென்டிவ் இருக்கும். ஆர்டர் குறைந்தால் முதலில் போவது அவைதான். ட்ரெய்னியாகவோ கான்ட்ராக்டிலோ இருப்பவருக்கு மொத்தச் சம்பளமே காலக்கெடுவுக்கு உட்பட்டது. கார்டு கெடுவுக்கு அப்படி எதுவும் இல்லை.

நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். சாம்சங் ஆலையில் தொழிற்சங்க அங்கீகாரம் கேட்டு 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் நடுவில், 37 நாட்களுக்குப் பிறகு முடிந்தது. வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. இடையில் ஆயுத பூஜை வந்துபோனது, அக்டோபர் 31 தீபாவளி. அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கை நியாயமா என்பது இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல, அவர்களில் யார் கார்டு வைத்திருந்தார்கள் என்பதும் அல்ல. 37 நாளில் ஒரு கார்டுக்கு ஒரு கெடுவாவது நிச்சயம் வரும், சிலருக்கு இரண்டு வரும். மூன்று கார்டு என்றால் மூன்றிலிருந்து ஆறு வரை. போராட்டம் நியாயமானது என்று அறிக்கையின் கட்டத்தில் எழுத இடம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியபோதும், மறைமலை நகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடல் அறிவிப்பை வெளியிட்டபோதும் அறிவிப்புக்கு முந்தைய மாதச் சம்பளச் சீட்டுகள் பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும்.

எனவே இந்தப் பகுதியில் கார்டு வைத்திருப்பவருக்கு அளவுகோல் லிமிட் அல்ல, ஓ.டி. இல்லாத வெறும் சம்பளம். எல்லாக் கார்டும் சேர்ந்த மொத்தப் பாக்கியை, அடுத்த ஒரு மாத வெறும் சம்பளத்திலிருந்து வீட்டுச் செலவு போக மிஞ்சுவதைக் கொண்டு அடைக்க முடியவில்லை என்றால், கார்டு ஒன்றோ நான்கோ, அது அதிகம்தான்.

நண்பனுக்காகத் தேய்ப்பது இங்கே சகஜம். “மச்சி, உன் கார்டுல ஒரு போன் போட்டுக் குடுடா, மாசாமாசம் ஜிபே பண்ணிடறேன்” என்றால் ரூமில் யாரும் மறுப்பதில்லை. நோ காஸ்ட் இஎம்ஐ என்பார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள், வட்டிக்கான ஜிஎஸ்டி நம் தலையில் விழுகிறது. அதைவிட, 36,000 ரூபாய் போனுக்கு அந்த முழுத் தொகையும் நம் லிமிட்டில் பிடித்து வைக்கப்படும், தவணை கட்டக் கட்டத்தான் விடுபடும். நண்பனின் கான்ட்ராக்ட் முடிந்து அவன் திருவண்ணாமலைக்கோ ராய்கருக்கோ போனபின் பதியப்போவது நம் பெயர். வங்கிக்கு அவனைத் தெரியாது.

சிக்கியவர்கள் செய்யத் தக்கது என்ன? முதலில் ரொட்டேஷனை நிறுத்தி, வட்டி குறைந்த கடனுக்கு மாற்ற வேண்டும். பொதுத்துறை வங்கிகளில் நகைக் கடன் ஒரு வட்டிக்கும் கீழே கிடைக்கிறது. மூணே முக்கால் வட்டியைச் சுமந்துகொண்டு பீரோவில் நகையை வைத்திருப்பதில் கௌரவம் எதுவும் இல்லை. நகை இல்லாதவர்கள் கார்டு பாக்கியையே தவணையாக மாற்றித் தரக் கேட்கலாம். அந்த வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியில் பாதிக்கும் கீழே இருக்கும். மாற்றியபின் அதே கார்டைத் தேய்க்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேண்டாத கார்டை மூடும்போது பழைய கார்டை விட்டுவிட்டுப் புதியதை மூடுவது நல்லது. பழையதுதான் வரலாற்றின் நீளத்தைத் தாங்குகிறது. ஒன்றை மூடினால் மொத்த லிமிட் குறைந்து பயன்பாட்டு விகிதம் ஏறும் என்பதால், வீட்டுக் கடன் கேட்கப்போகிற நேரத்தில் மூட வேண்டாம். பாக்கியைத் தீர்த்து, மூடச் சொல்லிக் கோரிக்கை கொடுத்தால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குக் கொடுக்க வேண்டும். அதிகம் பேர் இதைக் கேட்டு வாங்குவதில்லை.

வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. அவர்களே ஒரு நாள், “ஒரு லட்சத்துக்கு நாற்பதாயிரம் குடுங்க சார், முடிச்சுக்கலாம்” என்பார்கள். செட்டில்மென்ட் என்று இதற்குப் பெயர். வேறு வழியே இல்லாதவருக்கு இது மூச்சு விடும் இடம்தான். ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டது என்று வராது, செட்டில் செய்யப்பட்டது என்றே வரும். முழுசாகக் கட்டவில்லை என்பது அதன் பொருள். படப்பையிலோ மணிமங்கலத்திலோ மனை வாங்கிக் கட்ட 25 லட்சம் கேட்கும்போது அந்த வரி கண்ணில் படும். கடன் மறுக்கப்படலாம், அல்லது வட்டி ஏறலாம். இருபது வருடக் கடனில் 8.5 சதவீதத்துக்குத் தவணை 21,696 ரூபாய், 9 சதவீதத்துக்கு 22,493. அரை சதவீதம் கடைசியில் ஒரு லட்சத்து 90 ஆயிரத்தைத் தாண்டுகிறது. அன்று தள்ளுபடியாகக் கிடைத்த அறுபதாயிரத்தைவிட இது பெரிய தொகை. கையில் பணம் வந்தபின் மீதியையும் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, கணக்கின் நிலையைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். ஸ்கோரை உயர்த்தித் தருகிறேன், ஐயாயிரம் கொடு என்று வருபவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தவறான பதிவு நிறையவே வருகிறது. மூடிய கார்டு திறந்ததாகக் காட்டும், கட்டிய மாதத்தில் 030 நிற்கும், பெயர் ஒத்துப்போன வேறொருவர் கடன் நம் அறிக்கையில் உட்கார்ந்திருக்கும். அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்தில் புகார் பதிய வேண்டும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்ற ஏற்பாடு 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கிகளோடு கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவர் அதிகாரத்துக்குள் வந்துவிட்டன. புகாரைப் போனில் சொல்லிவிட்டு விடக் கூடாது. தளத்தில் பதிந்து, புகார் எண்ணையும் தேதியையும் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். 31ஆம் நாள் எது என்பதை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள்.